ஒரு கிரேனுக்கு ஒரு சிக்னல்காரர்

பிப்ரவரி 6

தம்பிக்கு,

உன் இருமல் விட்டதா, உன் வீட்டுக்காரி டீச்சருடைய குதிகால் வலி எப்படி இருக்கிறது என்று முதலிலேயே கேட்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் அக்கா தன் கதையை மட்டும் அளக்கிறாள் என்பாய். மூன்று முறை போன் செய்தேன். உன் ஜூஸ் கடை மிக்ஸி சத்தத்தில் நான் தொண்டை கிழியச் சொன்னதையெல்லாம் வரிசையில் நின்றவர்கள்தான் கேட்டிருப்பார்கள். அதனால் கடிதம்.

என்னைக் கிரேனிலிருந்து இறக்கிவிட்டார்கள். சரியாகச் சொன்னால் நானே இறங்கினேன். இரண்டு மாதமாகத் தலைவலி. சீப்பை வைத்தால் முடி கொத்தாக வருகிறது. உதடு வெடிப்பு, எலும்பெல்லாம் குடைச்சல். வேலை அதிகம், அதனால்தான் என்று இருந்துவிட்டேன். போன மாதம் ஒரு நாள் கம்பிக் கட்டை மேலே தூக்கிக்கொண்டிருக்கும்போது கொக்கி இரண்டாகத் தெரிந்தது. வாக்கி டாக்கியில் சிக்னல்காரரிடம், "எனக்கு ரெண்டு கொக்கி தெரியுது, எது நம்மளது?" என்றேன். அவர் எதையும் இரண்டு முறை சொல்கிறவர். "இறக்குங்க, இறக்குங்க. இறங்குங்க, இறங்குங்க" என்றார். சுமையை இறக்கிவிட்டு நானும் இறங்கினேன்.

டாக்டரம்மா ரத்தத்தைப் பார்த்துவிட்டு, உடம்பில் வைட்டமின் ஏ நிரம்பி வழிகிறது என்றார். கண்ணுக்கு நல்லது என்று நான் தின்றதே கண்ணைப் பிடித்துக்கொண்டது. மாத்திரை அதிகமாகிவிட்டது, என் முட்டாள்தனம்தான். மாத்திரை, மீன் எண்ணெய், ஈரல் ஆகியவைதான் வினையாம். காய்கறியும் பழமும் அவ்வளவு கெடுதல் இல்லை; ஆனாலும் கல்லீரல் ஆறும்வரை எல்லாவற்றையும் குறைக்கச் சொல்கிறார். வெண்ணெய், மஞ்சள் கரு, கீரை, காரட், மாம்பழம், பப்பாளி எதுவும் கூடாது. பட்டியலில் கடைசியாகப் பூசணி இருந்தது. உன் செல்லப்பெயரைப் படித்ததும் சிரித்துவிட்டேன். சோறு, முள்ளங்கி, காலிஃபிளவர், உருளைக்கிழங்கு, வெள்ளைக்கரு, தோல் நீக்கிய கோழி, தோல் சீவிய வெள்ளரி என்றுதான் சாப்பாடு. தட்டைப் பார்த்தால் வெள்ளையடித்த சுவர் மாதிரி இருக்கிறது.

ஜூன் 18-ஆம் தேதி எனக்குப் பரீட்சை. 212 படி ஏணியைப் பத்து நிமிடத்துக்குள் ஏற வேண்டும். நடுவில் ஒரே ஒரு முறை நிற்கலாம். மேலே போய் ஒரு சுமையைத் தூக்கிச் சொன்ன இடத்தில் வைக்க வேண்டும். தவறினால் கீழே ஸ்டோர் ரூமில் ஹெல்மெட்டும் கையுறையும் எடுத்துக் கொடுக்கும் வேலை. பதினாறு வருஷம் மேலே இருந்து உலகத்தைப் பார்த்தவள் நான். இன்றைக்கு வீட்டு மாடி இரண்டு ஏறியதற்கே உட்கார்ந்துவிட்டேன்.

இனிமேல் எனக்குப் பார்சல் எதுவும் அனுப்பாதே.

உன் ஒட்டடைக்குச்சி அக்கா

---

பிப்ரவரி 15

அக்கா,

இருமல் போய்விட்டது, உன் கடிதம் வந்ததும் தூக்கம் போய்விட்டது. நீ எழுந்து நடமாடுகிறாய் என்று நீயே உன் கையால் எழுதியதை நம்பி ஆரம்பிக்கிறேன்.

கேட்கப் பயமாக இருக்கிறது, கேட்கிறேன். நான் மாதாமாதம் அனுப்பிய மாத்திரைதானா? ஆனால் ஒரு நாளைக்கு ஒன்றுதானே போடச் சொன்னேன். மருந்துக் கடைக்காரரைப் போய்ப் பிடித்தேன். "ஒண்ணு போட்டதுக்கெல்லாம் இப்படி ஆகாதுங்க, அவங்க வேற ஏதோ சேர்த்துச் சாப்பிட்டிருக்காங்க" என்கிறார். வேறு என்ன சாப்பிட்டாய்? யார் கொடுத்தார்கள்? சொல், அவர்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுகிறேன்.

ஒன்று மட்டும். மாத்திரை அனுப்பியது டீச்சருக்குத் தெரிய வேண்டாம். என் கடை வாசலில் என்ன போர்டு தொங்குகிறது என்று உனக்குத் தெரியும். "மாத்திரை வேண்டாம், பழம் போதும்." அதை எழுதி மாட்டியவனே அக்காவுக்கு மாத்திரை வாங்கி அனுப்பினான் என்று தெரிந்தால் பள்ளிக்கூடம் முழுக்க விசில் ஊதிச் சொல்லிவிடுவாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். உன்னை ஸ்டோர் ரூமில் நினைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

பூசணி

---

பிப்ரவரி 17

அண்ணிக்கு,

வணக்கம். குதிகால் தேவலை. உங்கள் தம்பி மூன்று நாளாகக் காரட்டைச் சீவாமலே மிக்ஸியில் போடுகிறார். என்னவென்று கேட்டு உங்கள் கடிதத்தை வாங்கிப் படித்தேன்.

நேராகக் கேட்கிறேன். நான் கொடுத்தனுப்பிய மீன் எண்ணெயாலா? தினமும் ஒரு கரண்டிதானே சொன்னேன். ஒரு கரண்டியில் இவ்வளவு வராது. வேறு என்ன சாப்பிட்டீர்கள்? அவரிடம் சொல்ல வேண்டாம். "எங்க அக்கா கண்ணை நான் பாத்துக்குறேன், நீ தலையிடாதே" என்று ஒரு தடவை சொல்லிவிட்டார். அவர் அனுப்பும் காரட் பொடியை நம்பி இருக்க முடியாது என்றுதான் நான் அனுப்பினேன். இப்போது வாயைத் திறந்தால் செத்தேன்.

நடந்தது நடந்துவிட்டது. ஜூன் 18-க்கு நான்கு மாதம் இருக்கிறது. நான் உடற்பயிற்சி டீச்சர். மூட்டை மாதிரி இருக்கிற பிள்ளைகளை ஓட வைத்திருக்கிறேன். உங்களை ஏற வைக்க மாட்டேனா? டாக்டரம்மா சரி என்ற பிறகு தொடங்குங்கள். முதல் இரண்டு வாரம் சமதரையில் இருபது நிமிட நடை. மூன்றாம் வாரம் சுவரில் கையூன்றித் தண்டால், நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பத்துப் பத்தாக. பிறகு மாடிப்படி, நாளைக்கு இரண்டு மாடி. அதற்கு மேல் ஒரு படி ஏறினாலும் எனக்குத் தெரிந்துவிடும்.

இதுவும் நமக்குள் இருக்கட்டும். தலையிட்டேன் என்பார்.

டீச்சர்

---

மார்ச் 5

டீச்சருக்கு,

குதிகாலுக்கு மெத்தென்ற செருப்புப் போடு. ஊருக்கெல்லாம் சொல்கிறவள் உன் காலைப் பார்க்க மாட்டாய்.

நீ கேட்டதற்குப் பதில்: ஒரு கரண்டியால் வரவில்லை. என் வாய்தான் காரணம். கேன்டீனில் ஈரல் கிடைத்த நாளெல்லாம் வாங்கித் தின்றேன். மேற்கொண்டு குடையாதே.

டாக்டரம்மா நடக்கலாம் என்றார். நடக்கிறேன். முதல் நாள் தெருமுனை வரை போய் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தபால்காரர், "யாருக்காச்சும் காத்திருக்கீங்களா?" என்று கேட்டார். என் மூச்சுக்குத்தான் என்றேன். நேற்று அதே கம்பத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டிப் போனேன்.

சாப்பாடுதான் அழ வைக்கிறது. முள்ளங்கிக்கும் காலிஃபிளவருக்கும் நடுவில் நாக்கு செத்துவிட்டது. கனவில் மாம்பழம் வருகிறது. ஆனால் நேற்று கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து சீவினேன், சீப்பில் ஏழு முடிதான். எண்ணிப் பார்த்துவிட்டு இன்னொரு தட்டு முள்ளங்கி வைத்துக்கொண்டேன்.

அண்ணி

---

மார்ச் 12

அக்கா,

நீ நடக்கிறாய் என்று டீச்சர் பேச்சுவாக்கில் சொன்னாள். நல்ல செய்திக்காகவே கடைக்குப் போகாமல் இதை எழுதுகிறேன்.

ஆனால் நடந்தால் ஏணி ஏற முடியுமா? என் கடைக்குத் தினமும் ஒரு பயில்வான் வருவார். ஒரே மூச்சில் மூன்று டம்ளர் குடிப்பார். அவரிடம் கேட்டு உனக்கு ஒரு பயிற்சி வாங்கியிருக்கிறேன். தாளில் படம் போட்டுக் கொடுத்தார், இதோடு வைத்திருக்கிறேன். காலையில் நான்கு மாடி ஏறி இறங்குவது. கைக்கு ஒரு தண்ணீர் பாட்டில். கதவு நிலையில் கம்பி போட்டுத் தொங்குவது. "ஏணின்னா கையும் காலும் சேர்ந்து உழைக்கணும்" என்கிறார்.

டீச்சரிடம் மூச்சு விடாதே. அவள் துறையில் நான் கை வைத்தேன் என்று என்னை மைதானத்தைச் சுற்றி ஓட விடுவாள்.

நீ கேட்காத கேள்விக்கும் பதில்: மாத்திரை இனி இல்லை. அந்த மருந்துக் கடைப் பக்கமே போவதில்லை.

பூசணி

---

ஏப்ரல் 4

தம்பிக்கு,

உன் கடையில் கூட்டம் எப்படி? பயில்வானிடம் காசு சரியாக வாங்குகிறாயா?

பயிற்சி நடக்கிறது. காலையிலும் நடக்கிறது, மாலையிலும் நடக்கிறது. போன வாரம் மூன்று மாடி நிற்காமல் ஏறினேன். கதவு நிலையில் பன்னிரண்டு எண்ணும்வரை தொங்கினேன், பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன ஆச்சு, துணி காயப்போடக் கொடி இல்லையா?" என்றார்.

முழங்காலுக்குக் கீழே எலும்பு கொஞ்சம் வலிக்கிறது. ஏறுகிற கால் வலிக்கத்தானே செய்யும்.

சைட்டுப் பக்கம் போனேன். என் கேபினில் வேறு ஆள். நல்ல மனிதர்தான். ஆனால் என் இருக்கையைப் பின்னால் தள்ளி வைத்திருப்பார் என்று நினைத்ததும் வயிற்றெரிச்சலாக இருந்தது. சிக்னல்காரர் என்னைப் பார்த்து, "வாங்க, வாங்க. சீக்கிரம், சீக்கிரம்" என்றார். வீட்டுக்கு வந்து இன்னும் ஒரு மாடி சேர்த்து ஏறினேன்.

அக்கா

---

ஏப்ரல் 22

தம்பிக்கும் டீச்சருக்கும் சேர்த்து எழுதுகிறேன். இரண்டு பேரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தாவது சேர்ந்து படியுங்கள். தனித்தனியாகப் படித்தால் எனக்குக் கோபம் வரும்.

நலமாக இல்லை. வலது கால் எலும்பு வீங்கி ஐந்து நாளாகக் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறேன். டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்தார். நல்லவேளை, விரிசல் இல்லை. "இந்த எலும்பு இப்பதான் தேறி வருது. இதுக்கு ரெண்டு ஆள் வேலை கொடுத்தது யாரு?" என்று கேட்டார். மூன்று வாரம் மாடி ஏறக் கூடாது. ஜூன் 18 நிற்கிற இடத்தில்தான் நிற்கிறது.

அவருக்குச் சொல்லாத பதிலை உங்களுக்குச் சொல்கிறேன். தம்பி, உன் பயில்வான் பயிற்சியைக் காலையில் செய்தேன். டீச்சர், உன் பயிற்சியை மாலையில் செய்தேன். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவருடையது. இதற்கு முன்பும் இதையேதான் செய்தேன். தம்பி, இவள் எனக்கு மீன் எண்ணெய் அனுப்பினாள். டீச்சர், இவன் எனக்கு மாத்திரை அனுப்பினான். இரண்டு பேரும் வாயைக் கட்டினீர்கள். யார் அனுப்பியதை விடுவது? இதை விட்டால் இவன் முகம் வாடும், அதை விட்டால் இவள் முகம் வாடும் என்று இரண்டையும் விழுங்கினேன். வருஷக் கண் பரிசோதனை வருகிறது என்ற பயத்தில் எல்லாவற்றையும் இரட்டிப்பாக விழுங்கினேன். அது மட்டும் முழுக்க என் புத்தி. எனக்கு நாற்பத்தாறு வயதாகிறது, பொடி எழுத்து மங்கத் தொடங்கியதை யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் தொழிலில் முதல் நாளே சொல்லிக் கொடுப்பது ஒன்று உண்டு. ஒரு கிரேனுக்கு ஒரு சிக்னல்காரர். கீழே இரண்டு பேர் இரண்டு விதமாகக் கை காட்டினால் ஆபரேட்டர் எதையும் அசைக்கக் கூடாது. பதினாறு வருஷத்தில் மேலே ஒரு தடவைகூட நான் அதை மீறியதில்லை. வீட்டில் மீறினேன்.

எனக்கு ஒரே ஒரு சிக்னல்காரர் வேண்டும். யார் என்று நீங்களே முடிவு செய்யுங்கள். மற்றவருக்கும் ஒரு வேலை உண்டு. இரண்டு கையையும் விரித்துத் தலைக்கு மேல் தூக்கினால் "நிறுத்து" என்று அர்த்தம். அதை மட்டும் யார் காட்டினாலும், டீ கொண்டு வருகிறவர் காட்டினாலும், நான் நிறுத்தியே ஆக வேண்டும்.

கோபித்துக்கொள்ளுங்கள். ஆனால் பதில் போடுங்கள்.

அக்கா, அண்ணி, இரண்டும் நான்தான்

---

மே 14

அண்ணிக்கு,

கால் வீக்கம் வடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். எழுத மூன்று வாரம் ஆனதற்கு மன்னியுங்கள். முதல் வாரம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. இரண்டாம் வாரம் பேசிக்கொண்டது எழுதுகிற மாதிரி இல்லை. மூன்றாம் வாரம் கடையில் யாரோ, "போர்டுல மாத்திரை வேண்டாம்னு போட்டிருக்கே, நிஜமாவா?" என்று கேட்டார். உங்கள் தம்பி என்னைப் பார்த்தார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்து, பிறகு கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதார். எனக்கும் அடக்க முடியவில்லை. வாடிக்கையாளர் ஜூஸ் வாங்காமலே போய்விட்டார்.

நான்தான் சிக்னல். உங்கள் டாக்டரம்மாவிடம் பேசிவிட்டேன். அவர் சொன்னபடி புதுப் பயிற்சி: ஒரு நாள் கால், ஒரு நாள் கை, ஒரு நாள் ஓய்வு. ஓய்வு நாளில் ஏறினால் விசில் அங்கே வரை கேட்கும்.

அக்கா, பூசணி எழுதுகிறேன். எனக்கு "நிறுத்து" வேலை. இவ்வளவு நாள் "தின்னு, தின்னு" என்றவனுக்கு இதுதான் சரி. போர்டைக் கழற்றிவிட்டேன். வலித்தால் நிறுத்து. என் மேல் உள்ள கோபத்தையும் எப்போதாவது நிறுத்து.

இருவரும்

---

ஜூன் 10

என் சிக்னலுக்கும் என் நிறுத்தத்துக்கும்,

இரண்டு பேரும் ஒரே வீட்டில் பேசிக்கொண்டு இருக்கிறீர்கள் என்பதே எனக்குப் பாதி மருந்து. கோபம் என்றைக்கு இருந்தது, நிறுத்துவதற்கு?

ரத்தப் பரிசோதனை வந்தது. டாக்டரம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாம் எல்லைக்குள்ள வந்துடுச்சு. ஏறுங்க" என்றார். ஆனால் சாப்பாடு இன்னும் கொஞ்ச நாளைக்கு வெள்ளைதான். நேற்று ஐந்து மாடிக் கட்டிடத்தில் இரண்டு முறை ஏறினேன். முள்ளங்கியும் வெள்ளைக்கருவும் தின்று வளர்ந்த கால் இது, தொட்டுப் பார்த்தால் கட்டை மாதிரி இருக்கிறது.

பதினெட்டாம் தேதி வர வேண்டாம். நீங்கள் கீழே நின்றால் என் கண் சுமையை விட்டு உங்களிடம் வந்துவிடும்.

ஒட்டடைக்குச்சி

---

ஜூன் 21

அக்கா,

ஊர் வந்து சேர்ந்தோம், சௌக்கியம். வர வேண்டாம் என்று சொல்லியும் வந்து நின்றதற்கு நீ திட்டக்கூட நேரம் இல்லாமல் பஸ் கிளம்பிவிட்டது. கேட்டுக்கு வெளியே பத்து நிமிடத்தில் என்ன பேச முடியும்? எனவே நான் கீழே இருந்து பார்த்ததை எழுதுகிறேன்.

வேலிக்கு வெளியே நின்றோம். நீ ஏணியில் கால் வைத்ததும் டீச்சர் கடிகாரத்தை அமுக்கினாள். நான் படியை எண்ணினேன், நாற்பதில் விட்டுவிட்டேன். பாதி உயரத்தில், ஏணியின் ஓய்வுத் தட்டில் நின்றாய் பார், அப்போது எனக்குக் கை தூக்க வேண்டும் போல இருந்தது. டீச்சர் என் கையைப் பிடித்து, "மூச்சு வாங்குறாங்க, சும்மா இருங்க" என்றாள். நீ மறுபடி ஏறினாய். கேபின் கதவு மூடியபோது கடிகாரத்தில் எட்டு நிமிடம் ஐம்பது வினாடி. டீச்சர் நடுரோட்டில் விசில் ஊதினாள், ஒரு சைக்கிள்காரர் பயந்து இறங்கிவிட்டார்.

பிறகு சுமை மேலே வந்தது. அது எங்கள் பக்கமாகத் திரும்பியபோதுதான் பார்த்தேன். லாரியிலிருந்து இறங்கிய ஓர் ஆள், காதில் போனோடு, தடுப்பைத் தாண்டி நேராக அதன் அடியில் நடந்து போகிறார். உங்கள் சிக்னல்காரர் நின்ற இடத்திலிருந்து லாரி மறைத்தது, உனக்குச் சுமையே மறைத்திருக்கும். நான் கத்தினேன், யாருக்குக் கேட்கும்? இரண்டு கையையும் விரித்துத் தூக்கினேன். அவ்வளவு உயரத்தில் உனக்குத் தெரியாது என்றுதான் நினைத்தேன். இருந்தாலும் எனக்குக் கொடுத்த வேலை அது ஒன்றுதான்.

சுமை அப்படியே நின்றது. அந்த ஆள் தாண்டிப் போனார். அப்போது காற்றில் தூசி கண்ணில் விழுந்துவிட்டது, அதனால் மீதியைச் சரியாகப் பார்க்கவில்லை. மேலே என்ன நடந்தது, எழுது.

பூசணி

---

ஜூன் 30

தம்பிக்கு,

டீச்சருடைய விசில் நலமா? சைக்கிள்காரர் நலமா?

மேலே நடந்தது இதுதான். சுமையை நிறுத்தியதும் பாதுகாப்பு அதிகாரி வாக்கி டாக்கியில் வந்தார். "ஏன் நிறுத்துனீங்க? சிக்னல் கொடுக்கலையே."

"வேலிக்கு வெளியே ஒருத்தர் ஸ்டாப் காட்டுறார் சார்."

அதிகாரி கீழே ஓடிப் போய் லாரிக்குப் பின்னால் பார்த்திருக்கிறார். திரும்ப வந்தபோது குரல் மாறியிருந்தது. "வேலியில பத்துப் பதினைஞ்சு பேர் நிக்கிறாங்க. யாரு காட்டுனது?"

"நீலச் சட்டை. பக்கத்துல ஒரு அம்மா விசிலோட. என் தம்பி சார்."

"அங்க இருந்து அது தெரியுதா?"

"தெரியுது சார்."

சிக்னல்காரர் குறுக்கே புகுந்து, "பாஸ், பாஸ்" என்றார். அவர் சொல்லக் கூடாது, ஆனால் அதிகாரி சிரித்துவிட்டார். சுமையைச் சொன்ன இடத்தில் வைத்தேன். கண்ணுக்குத் தனியாக ஒரு பரிசோதனை வைத்திருந்தார்களாம். மறுநாள் அதிலும் தேறினேன். பொடி எழுத்துக்கு ஒரு கண்ணாடி, அவ்வளவுதான்.

இதைக் கேபினில் உட்கார்ந்து, டிபன் இடைவேளையில் எழுதுகிறேன். இருக்கையை முன்னால் இழுத்து வைத்துவிட்டேன். இன்று காலை எட்டே கால் நிமிடம். டப்பாவில் முள்ளங்கிதான், ஆனால் ஓரத்தில் ஒரே ஒரு துண்டு மாம்பழம். டாக்டரம்மா அனுமதித்தது. அதைக் கடைசியில் சாப்பிட வைத்திருக்கிறேன்.

அப்புறம் உன் தூசி. அன்றைக்குக் காற்றே இல்லை, காற்று அடித்தால் எங்கள் கருவிக்கு முதலில் தெரியும். நீ இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தாய், டீச்சர் உன் முதுகைத் தட்டினாள், நீ மறுபடியும் துடைத்தாய். என்னிடம் மறைக்காதே தம்பி. எனக்கு இப்போது கண் நன்றாகத் தெரிகிறது.

மேலே இருந்து,
அக்கா